கழுத்தில் வெள்ளைப் பட்டை கொண்ட சிறு பாம்பைக் கண்டால்: குமரி மாவட்டத்தாருக்கு ஓர் அடையாள வழிகாட்டி

மழைக்காலத்தில் தென்னைமூட்டில் தடம் எடுக்கும்போதோ, மரச்சீனி நடுவதற்கு மண் கூட்டும்போதோ, பழைய வாழைமூட்டைத் தோண்டிப் புரட்டும்போதோ, மண்வெட்டியின் முனையில் ஒரு சாண் நீளமுள்ள கருமையான சிறு பாம்பு நெளிந்து வெளிப்படுவதைக் குமரி மாவட்டத்தில் மண்ணோடு உழைக்கும் பலரும் பார்த்திருப்பார்கள். மண்புழுவைவிடச் சற்றே தடித்த உடல், ஈரம் பட்டால் எண்ணெய் தடவியது போல் வானவில் நிறங்கள் ஓடும் செதில்கள், தலைக்குப் பின்னால் வெளுத்த துணியைச் சுற்றியது போன்ற ஓர் அகன்ற பட்டை. பார்த்த உடனே யாராவது ஒருவர் ‘கட்டுவிரியன் குட்டி’ என்பார். அடுத்த நொடியில் மண்வெட்டியின் பின்புறம் அதன் மேல் விழும். என் இளம் வயதில் எங்கள் புரையிடத்தில் இப்படி அடிபட்டவற்றில் ஒன்றை நானே மண்ணில் புதைத்திருக்கிறேன். அது யாரையும் கடித்துக் கொல்ல வல்லதன்று என்பதும், மண்புழு தின்று வாழ்ந்த உயிர் என்பதும் பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தவறு இன்னொரு தோப்பில் நடக்காமல் இருப்பதற்காகவும், அதேவேளையில் பட்டை இருந்தால் நஞ்சில்லை என்று நம்பி யாரும் கையை நீட்டிவிடாமல் இருப்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தியை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கழுத்துப் பட்டை என்பது நஞ்சில்லாப் பாம்புகளுக்கு மட்டும் உரிய அடையாளம் இல்லை. நம் மாவட்டத்தில் கழுத்திலோ பிடரியிலோ வெளிர்நிறக் குறி தாங்கிய பாம்புகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் பவளப்பாம்பு போன்ற நஞ்சுடைய சிலவற்றுக்கும் அந்த இடத்தில் குறி உண்டு. எனவே பட்டையைப் பார்த்தவுடன் முடிவுக்கு வராமல், பட்டைக்குப் பின்னால் உடலில் என்ன இருக்கிறது, வால் எப்படி முடிகிறது, பாம்பு எந்த இடத்தில் எந்த நேரத்தில் தென்பட்டது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான முறை. இந்த மூன்றும் ஒத்துவராத இடத்தில் அதை நஞ்சுடையதாகவே கருதி விலகிக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பார்ப்பது

பாம்பு தென்பட்டதும் வேலையை நிறுத்திவிட்டு ஆறடி தள்ளி நில்லுங்கள். அருகில் குழந்தைகளோ நாயோ கோழியோ இருந்தால் அவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள். குனிந்து பார்க்க வேண்டாம். கையில் உள்ள தொலைபேசியின் கேமராவில் உருவத்தைப் பெரிதாக்கி, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வாலைக் காட்டும் ஒன்று என மூன்று படங்கள் எடுத்துக்கொண்டால், நின்ற இடத்திலிருந்தே செதிலின் நிறம்கூடத் தெளிவாகத் தெரியும். கம்பால் புரட்டுவது, வாலைப் பிடித்துத் தூக்குவது, தலையை மிதித்துப் பார்ப்பது ஆகியவை எந்தப் பாம்பிடமும் கூடாதவை. அரைகுறையாக அடிபட்ட பாம்பும், வெட்டுண்ட தலையும் கடிக்கக்கூடும் என்பதால், இறந்துவிட்டது என்று நினைத்துக் கையில் எடுப்பதும் தவறு.

கண்களை ஓட்ட வேண்டிய வரிசையும் முக்கியமானது. முதலில் நீளத்தையும் பருமனையும் மதிப்பிடுங்கள். ஒரு சாண், ஒரு முழம் என்று நம் வழக்கத்தில் அளந்தாலே போதும். பிறகு பட்டை தலையை ஒட்டியே இருக்கிறதா, சற்றுத் தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் பார்வையை மெதுவாக வால்வரை கொண்டுசெல்லுங்கள். பெரும்பாலோர் தலையை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடுவதால்தான் அடையாளம் தவறிப்போகிறது. கட்டுவிரியனைக் காட்டிக்கொடுப்பது அதன் தலையைவிடப் பின்பாதி உடல்தான்.

நம் மண்ணுக்கே உரிய வெள்ளைக் கழுத்துப் பாம்பு

முதலில் நான் சொன்ன அந்த ஒரு சாண் பாம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அது அறிவியல் உலகுக்கு முதன்முதலில் தெரியவந்ததே குமரி மாவட்டத்தின் ஒரு தென்னந்தோப்பிலிருந்துதான். 2021ஆம் ஆண்டில் அது ஒரு புதிய இனமாக விவரிக்கப்பட்டு, ஊர்வனவற்றின் பரிணாமத்தை ஆராய்ந்துவரும் தீபக் வீரப்பன் என்ற இந்திய ஆய்வாளரைப் பெருமைப்படுத்தும் வகையில் சைலோஃபிஸ் தீபகி எனப் பெயரிடப்பட்டது. அகத்தியமலையைச் சூழ்ந்த தென்கோடி மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது வாழ்கிறது. இதன் நெருங்கிய உறவான சைலோஃபிஸ் கேப்டனி 2007இல் கேரளத்திலிருந்து விவரிக்கப்பட்டது. இரண்டையும் வேறுபடுத்தும் முதன்மையான அடையாளங்களில் ஒன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் கழுத்துப் பட்டைதான்: நம் பாம்பின் பட்டை அகன்றது, பெரும்பாலும் பின்னோக்கி நீண்டது, தூய வெள்ளையாக இல்லாமல் சற்றே மங்கிய வெண்ணிறம் உடையது. வயிற்றுச் செதில்களின் எண்ணிக்கையும் இதற்குக் கூடுதல், 117 முதல் 125 வரை. ஆனால் அதை எண்ணிப் பார்ப்பது ஆய்வகத்தின் வேலை, தோப்பில் நிற்பவருடையதன்று.

இந்தப் பாம்புக்கு ஊரில் தனிப் பெயர் வழங்கி நான் கேட்டதில்லை. ‘குருட்டுப்பாம்பு’ என்றோ ‘மண்ணுளி’ என்றோ பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் குருட்டுப்பாம்பு என்பது மண்புழுவைப் போலவே தோன்றும் வேறொரு சிறு பாம்பு, மண்ணுளி என்பது தடித்து மழுங்கிய வாலுடைய இன்னொன்று. இக்கட்டுரையின் வசதிக்காக இதை வெள்ளைக் கழுத்து மண்பாம்பு என்று குறிப்பிடுகிறேன். இதன் நீளம் ஏறத்தாழ 20 செ.மீ., பருமன் பென்சிலுக்கு மிகாது. தலை கழுத்திலிருந்து தனியே புடைத்துத் தெரியாது. கண்கள் மிகச் சிறியவை. முதுகு கரும்பழுப்பு, அதன் மேல் குறுக்குக் கோடுகள் ஒன்றும் இரா. வெயில் பட்டால் செதில்கள் நீலமும் ஊதாவுமாக மின்னும். பட்டைக்குப் பின்னால் குறுக்கு வரிகளே இல்லை என்ற இந்த ஓர் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொண்டால், கட்டுவிரியன் குட்டியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டிய தேவையே எழாது.

இவற்றின் வாழ்க்கை முழுவதும் ஈரமான மண்ணின் மேலடுக்கிலும், மட்கிய மட்டைகளின் அடியிலும், விழுந்து கிடக்கும் மரங்களின் கீழும் கழிகிறது. உணவு மண்புழுவும் அதையொத்த சிற்றுயிர்களும். நீண்ட காலம் இந்தச் சைலோஃபிஸ் பேரினத்தை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று ஆய்வாளர்கள் திகைத்துக்கொண்டிருந்தார்கள். 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இவற்றின் நெருங்கிய உறவினர்கள் வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நத்தை தின்று வாழும் பாம்புகள் என்று காட்டியது. அத்தனை தொலைவில் உள்ள உறவுகளிலிருந்து பிரிந்த ஒரு மரபு நம் ஊர்த் தென்னைமூட்டில் ஒரு சாண் நீளத்தில் சுருண்டு கிடக்கிறது என்பதை அறிந்த நாளிலிருந்து, தடம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் முதல் வெட்டுகளை நான் மெதுவாகவே போடுகிறேன்.

ஓநாய்ப் பாம்பும் கட்டுவிரியனும்

வீட்டுக்குள் நிகழும் குழப்பம் வேறு வகைப்பட்டது. சுவரிலும் ஓட்டுக் கூரையின் கைமரத்திலும் ஏறிப் பல்லியைத் தேடும் ஓநாய்ப் பாம்பு, நூல்களில் வெள்ளிக்கோல் வரையன் என்றும் குறிக்கப்படுவது, கட்டுவிரியனுக்குக் கொடுக்க வேண்டிய அடியைத் தான் வாங்கிச் சாகிறது. நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையாளம் கலந்த பேச்சில் கட்டுவிரியனைச் சங்குவரையன், வெள்ளிக்கெட்டன் என்றும் சொல்வதுண்டு. வெள்ளி, வரை என்ற சொற்கள் இரண்டு பாம்புகளின் பெயரிலும் இருப்பதால், பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்வது ஆபத்தானது.

ஓநாய்ப் பாம்பு பழுப்பு நிறமுடையது. சில வேளை சாம்பல் கலந்த பழுப்பாகவும் இருக்கும். தலை தட்டையாக, மூக்குப் பக்கம் அகன்றிருக்கும். மேலுதடு வெண்மையாகத் தெரியும். தலையை ஒட்டியே பிடரியில் ஓர் அகன்ற வெள்ளை அல்லது இளமஞ்சள் பட்டை தொடங்கும். அதிலிருந்து அடுத்தடுத்து வரும் குறுக்குப் பட்டைகள் முதுகில் சற்றே ஒடுங்கி, விலாப்பக்கத்தில் முக்கோணமாக விரியும். முன்பாதியில் இப்பட்டைகள் மிகத் தெளிவாக இருக்கும். வாலை நெருங்க நெருங்க மங்கி, பெரும்பாலும் மறைந்துவிடும். கட்டுவிரியனில் இதற்கு நேர் எதிர். அதன் உடல் பளபளப்பான கருநீலம் அல்லது கறுப்பு. வளர்ந்த பாம்பில் தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வரிகளே இல்லாமலோ, முதுகுநெடுகப் புள்ளிகளாகச் சிதறியோ இருக்கும். அதன்பின் மெல்லிய வெள்ளை வரிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்து, வால் நுனிவரை தெளிவாகத் தொடரும்.

முன்னே தெளிந்து பின்னே மங்கினால் ஓநாய்ப் பாம்பு, முன்னே மங்கிப் பின்னே தெளிந்தால் கட்டுவிரியன் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த விதி குட்டிகளிடம் முழுமையாகப் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். கட்டுவிரியன் குட்டியின் முன்பகுதியிலும் வரிகள் தெரியக்கூடும். முட்டையிலிருந்து வெளிவரும்போதே ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள அக்குட்டிக்கு அந்த நாள் முதலே நஞ்சும் உண்டு. ஆகவே குட்டியாக இருந்தால் உடலின் அடிப்படை நிறத்துக்கும், வால் நுனிவரை வரி தொடர்கிறதா என்ற கேள்விக்கும் முதலிடம் கொடுங்கள். மங்கிய விளக்கொளியில் பழுப்பும் கறுப்பும் ஒன்றாகவே தோன்றும் என்பதால், இரவில் வீட்டுக்குள் பார்த்த பாம்பைப் பற்றி உறுதியாகத் தெரியாதவரை அது கட்டுவிரியன்தான்.

இடமும் ஓரளவு துணைசெய்யும். சுவரின் உயரத்தில், ஜன்னல் மேல், ஓட்டின் இடுக்கில் ஏறி நிற்பது பெரும்பாலும் ஓநாய்ப் பாம்பு. கட்டுவிரியன் தரையில் திரிவது. பகலில் செங்கல் அடுக்கு, எலி வளை, விறகுக் குவியல் ஆகியவற்றின் அடியில் தலையை உடலுக்குள் மறைத்துச் சுருண்டு கிடந்துவிட்டு, இரவில் இரை தேடி வரும். தரையில் பாய் விரித்து உறங்குபவரைக் கடிப்பதும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இல்லாததால் அவர் மீண்டும் உறங்கிவிடுவதும் கட்டுவிரியன் கடியின் கொடுமை. இடத்தை வைத்து மட்டும் எதையும் உறுதிசெய்ய முடியாது; தரையில் ஓநாய்ப் பாம்பும் திரியும்.

மலையடிவாரத்தில், பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம் போன்ற ஊர்ப்பக்கம் வசிப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரிய திருவிதாங்கூர் ஓநாய்ப் பாம்பு, 1870இல் பெடோம் என்பவர் விவரித்தது, சாதாரண ஓநாய்ப் பாம்பைவிடக் கருமையானது. மஞ்சள் கலந்த வெண்மையான குறுக்கு வரிகள் உடையது. அனுபவம் உள்ளவர்களே தூரத்திலிருந்து அதைக் கட்டுவிரியன் என்று எண்ணிவிடுவார்கள். அதற்கும் நஞ்சில்லை; ஆனால் அதை அடையாளம் காணும் பொறுப்பைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

கருந்தலையும் பவளமும்

இப்போது சொல்லப்போகும் இணைதான் மிகுந்த கவனம் வேண்டுவது. கருந்தலைப் பாம்பு என்று சொல்லத்தக்க ஒரு சிறு பாம்பு தென்னிந்தியாவில் உண்டு. அதன் தலையும் பிடரியும் கறுப்பு, பிடரியில் மஞ்சள் நிறப் பட்டை குறுக்கே ஓடும், உடல் பழுப்பு, முதுகின் நடுவில் சிறு கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும், வயிறு மஞ்சள், வால் நீண்டு, படிப்படியாக மெலிந்து முடியும். சிறு ஓணான் வகைகளையும் அரணைகளையும் தின்று வாழும் இதனால் மனிதருக்குத் தீங்கில்லை. இதே அளவில், இதைவிடவும் மெலிந்து, ஏறத்தாழ 30 செ.மீ. நீளத்தில் மெல்லிய பவளப்பாம்பு இருக்கிறது. அதன் தலையும் கழுத்தும் கறுப்பு, அக்கறுப்பின் மேல் மஞ்சள் புள்ளிகள் இருக்கும், உடல் இளம்பழுப்பு, வயிறு பவளச் சிவப்பு. அது நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த, நஞ்சுடைய பாம்பு.

இரண்டையும் பிரித்தறிய வாலைப் பாருங்கள். பவளப்பாம்பின் வாலில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். மிரண்டால் வாலைச் சுருட்டி மேலே தூக்கி, அதன் அடிப்புறத்து நிறத்தைக் காட்டும். கருந்தலைப் பாம்பின் வாலில் வளையம் இல்லை, அது வாலைத் தூக்கிக் காட்டுவதும் இல்லை. மலைக்காடுகளில் வாழும் வரியுடைய பவளப்பாம்புக்குக் கருந்தலைக்குப் பின்னால் வெளிர்நிறச் சாய்குறியும் உண்டு என்பதால், மலைப்பகுதியில் பிடரிப் பட்டையை வைத்து நஞ்சில்லை என்று சொல்வது அறவே கூடாது. கறுத்த தலை, மெலிந்த உடல், பிடரியில் மஞ்சள் என்ற மூன்றும் சேர்ந்த எந்தப் பாம்பையும் தொடாதீர்கள் என்பதே என் அறிவுரை. பவளப்பாம்பின் கடி அரிது என்பது உண்மை. நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் நஞ்சு முறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது, பவளப்பாம்புக்காகத் தயாரிக்கப்படுவதன்று என்பதும் உண்மை.

ஏனைய சில பாம்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயல்வரப்பில் உடல்நெடுக இரண்டு மஞ்சள் கோடுகளோடு ஓடும் சிறு பாம்பு தவளை தின்பது, தீங்கற்றது. சிலவற்றில் கழுத்தின் பக்கங்கள் செம்மஞ்சளாக இருக்கும். மலைப்புல்வெளியில் காணப்படும் பச்சை நிறத் தேரைத்தின்னிப் பாம்பின் குட்டிக்குக் கழுத்தில் கவிழ்த்த வி வடிவில் கறுப்புக் குறியும் அதை ஒட்டி மஞ்சளும் உண்டு. வளர்ந்ததும் அது மங்கிவிடும். மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் சிலவற்றுக்கு உதட்டில் தொடங்கிய மஞ்சள் கோடு கழுத்தின் பக்கம்வரை வழியும். வெட்டிவிட்டது போன்ற மழுங்கிய வாலைக் கொண்டு அவற்றை எளிதில் அறியலாம். அவற்றுள் ஓர் இனத்துக்கு நம் எல்லையில் நிற்கும் மகேந்திரகிரியின் பெயரே இடப்பட்டிருக்கிறது. நாகத்தின் கழுத்தின் அடிப்புறத்திலும் அகன்ற கரும்பட்டை இருக்கும். சிறு நாகக்குட்டி படம் எடுக்கும் முன் அந்தப் பட்டையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

வலைத்தளங்களிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றும் படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஐரோப்பாவின் புல்பாம்புக்கும் வட அமெரிக்காவின் வளையக்கழுத்துப் பாம்புக்கும் மஞ்சள் கழுத்துப் பட்டை உண்டு. அவற்றின் படங்களை வைத்துக்கொண்டு ‘பட்டை இருந்தால் பயமில்லை’ என்று எழுதப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அவை நம் நாட்டில் இல்லை. வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் செங்கழுத்துப் பாம்பைப் பல காலம் தீங்கற்றது என்று கருதி வெளிநாடுகளில் வளர்ப்புப் பிராணியாகவே விற்றார்கள். அதன் கடியால் இரத்தம் உறையாமல் உயிருக்குப் போராடியவர்களைக் கண்ட பின்னரே அந்தக் கருத்து மாறியது. நான் மேலே சொன்ன பச்சைப் பாம்பும் அதே பேரினத்தைச் சேர்ந்தது என்பதால், அதையும் கையில் எடுக்காமல் இருப்பதே அறிவுடைமை.

தோப்பில் கண்டால் செய்ய வேண்டியவை

வெள்ளைக் கழுத்து மண்பாம்பு என்று உறுதியானால் அதற்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அதை வெயிலில் விடாமல் இருப்பது. ஈர மண்ணுக்காகவே அமைந்த அதன் உடல், வெட்டவெளியில் நண்பகல் வெயிலில் விரைவில் உலர்ந்துபோகும். அது தானே மண்ணுக்குள் நுழைய முயன்றால் அப்படியே விட்டுவிட்டு, பத்து நிமிடம் வேறு மூட்டுக்குப் போய் வேலையைத் தொடருங்கள். நுழைய முடியாமல் தவித்தால், நீண்ட கைப்பிடியுள்ள மண்வெட்டியால் அதன் அடியிலுள்ள மண்ணோடு சேர்த்து மெதுவாக அள்ளி, அதே தோப்பில் நிழலான இடத்தில், மட்கிய மட்டைக்குவியலின் ஓரத்தில் வைத்து, மேலே இரண்டு கைப்பிடி சருகைத் தூவிவிடுங்கள். வெறுங்கையால் எடுக்க வேண்டாம். அடையாளம் தவறியிருந்தால் அந்த ஒரு செயலுக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

அதைக் குப்பியில் அடைத்துப் பள்ளிக்குக் காட்டக் கொண்டுபோவதும், மலையில் விடுகிறேன் என்று பேச்சிப்பாறைக்கு எடுத்துச்செல்வதும் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தீங்குகள். இவ்வளவு சிறிய உயிருக்கு ஒரு தோப்பின் ஒரு மூலைதான் உலகம். அறியாத மண்ணில் கொண்டுபோய் விடுவது, அதைச் சாக விடுவதற்கு ஒப்பானது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 பாம்புகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது என்பதையும், பிடித்து வைத்திருப்பது சட்டத்தின்முன் கேள்விக்கு உள்ளாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வந்த பாம்பு ஓநாய்ப் பாம்பாகவே இருந்தாலும், அதை நீங்களே பிடிக்க முயல வேண்டாம். பிடித்தால் அது தயங்காமல் கடிக்கும். நஞ்சில்லை என்றாலும், தவறாக அடையாளம் கண்டிருந்தால் நேரக்கூடியதை மேலே சொல்லிவிட்டேன். அறையின் உட்கதவை மூடி, கதவின் அடி இடுக்கில் பழைய துணியைத் திணித்துவிட்டு, வெளியே செல்லும் கதவை மட்டும் திறந்து வையுங்கள். ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்பார்வையிலிருந்து தப்பிய பாம்பைப் பிறகு கண்டுபிடிப்பது கடினம். தீயணைப்பு மீட்புப் பணித்துறையை 101 என்ற எண்ணிலோ, அவசர உதவியை 112 என்ற எண்ணிலோ அழைக்கலாம், வனத்துறையிடமும் சொல்லலாம். மண்ணெண்ணெய் ஊற்றுவது, பூண்டு நசுக்கிப் போடுவது, ஃபினாயில் தெளிப்பது ஆகியவற்றால் பாம்பு வராமல் நின்றதாக நான் கண்டதில்லை. வீட்டைச் சுற்றிச் சிதறிய சோற்றையும் தேங்காய்த் துண்டையும் அகற்றினால் எலி குறையும். எலி குறைந்தால் அதைத் தேடி வரும் நாகமும் விரியனும் குறையும்.

கடித்துவிட்டால்

‘நீர்க்கோலி கடித்தாலும் அத்தாழம் முடங்கும்’ என்ற மலையாளப் பழமொழியை நம் மாவட்டத்திலும் கேட்கலாம். நஞ்சில்லாத நீர்க்கோலி கடித்தால்கூட அன்றைய இரவுச் சாப்பாடு தடைபடும் என்பது அதன் பொருள். அந்த எச்சரிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்: பட்டை கொண்ட எந்தப் பாம்பு கடித்தாலும், அது தீங்கற்றது என்று உங்களுக்குத் தோன்றினாலும், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடித்த இடத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கையே கூட்டும். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108 ஆம்புலன்சை அழைத்து, நஞ்சு முறி மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கண் இமை கனத்துத் தாழ்வது, வயிறு வலிப்பது, விழுங்க முடியாமல் போவது ஆகியவை கட்டுவிரியன் நஞ்சின் அறிகுறிகளாக இருக்கலாம். இவை பல மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும். கடித்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது மருத்துவருக்கு உதவும். பாம்பைத் தேடிப் பிடிக்கவோ அடித்துக் கொண்டுபோகவோ நேரத்தைச் செலவிட வேண்டாம். தூரத்திலிருந்து எடுத்த படம் கையில் இருந்தால் அதுவே போதும்.

ரப்பர் தோட்டங்களில் அதிகாலையில் பால்வெட்டச் செல்பவர்களுக்குத் தனியே ஒரு சொல்: சருகின் நிறத்தில் சுருண்டு கிடக்கும் மூக்கு மேடிட்ட குழிவிரியனுக்கு மேற்சொன்ன நஞ்சு முறி மருந்து பயன்படாது. எனவே கடிபட்டால் கடித்தது எப்படி இருந்தது என்று மருத்துவரிடம் விவரித்துச் சொல்லுங்கள். முழங்கால்வரை வரும் ரப்பர் காலணியும் நெற்றி விளக்கும் இல்லாமல் மரத்தடிக்குப் போகாதீர்கள்.

தோப்பை அவற்றுக்கும் உரியதாக வைத்திருப்பது

நாகர்கோவில் நாகராஜா கோயிலில் கருவறையின் ஓலைக்கூரைக்குக் கீழே ஈரமாக ஊறும் மண்ணையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் பழைய தறவாடுகள் சிலவற்றில் வெட்டாமல் விடப்பட்ட சர்ப்பக்காவு இன்றும் இருக்கிறது. சருகு அள்ளப்படாமல், மண் புரட்டப்படாமல், நிழல் குறையாமல் கிடக்கும் அந்த ஐந்து சென்ட் நிலம், மண்ணுக்குள் வாழும் பாம்புக்கு நாம் வேறு எங்கும் செய்துகொடுக்காத வசதி. காவு இல்லாதவர்கள்கூடத் தோப்பின் ஒரு மூலையில் இரண்டு சென்ட் இடத்தை மட்டையும் தொண்டும் மட்கக் கிடக்கும்படி விடலாம். வீட்டிலிருந்தும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் அது தள்ளியே இருக்கட்டும். நஞ்சுடைய பாம்புக்கும் அத்தகைய இடம் பிடிக்கும் என்பதை மறைத்துப் பேசுவது சரியாகாது. சருகுக்குத் தீ வைப்பதும், தேவைக்கு மிஞ்சிக் குருணை மருந்தை வாழைக்குழியில் கொட்டுவதும் மண்புழுவை அழிக்கின்றன. மண்புழு போன பிறகு அதைத் தின்று வாழும் பாம்பு அங்கே இருக்க வழியில்லை. மண் புரட்டும் இயந்திரத்தை ஓட்டும் முன், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓட்டாமல் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓட்டினால், உள்ளே இருப்பவை வெளியேற ஒரு வழி கிடைக்கும்.

கண்டதைக் குறித்துவைக்கும் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். 2021 வரை பெயரே இல்லாதிருந்த ஒரு பாம்பு எந்தெந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தப் பயிருக்கு அடியில், எவ்வளவு ஆழத்தில் கிடைக்கிறது என்பதை மண்ணை வெட்டுபவரைவிட நன்றாக அறியக்கூடியவர் வேறு யாரும் இலர். நாள், ஊர், பயிர், மண்ணின் ஈரம், ஆழம், அன்று மழை பெய்ததா என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, படத்தை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் பதிந்தால், அதைப் பார்த்து அடையாளத்தைச் சரிபார்த்துச் சொல்லக்கூடிய வல்லுநர்கள் அங்கே இருக்கிறார்கள். பக்கவாட்டுப் படத்தில் அளவுக்காக, பாம்பு போன பிறகு அது கிடந்த இடத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து, முன் நின்ற இடத்திலிருந்தே இன்னொரு படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு முகவரி படத்தோடு பொதுவெளியில் போகாமல் இருக்க, இருப்பிடத்தை ஊரளவில் மட்டும் காட்டும்படி அமைத்துக்கொண்டால் போதும்.